வீணை பாலசந்தரின் வாரிசுகள் யார்?

பாலசந்தர் என்ற பெயரைச் சொன்னால் இன்றைய தலைமுறையினருக்கு நினைவுக்கு வருபவர் திரைப்பட இயக்குநர் கே. பாலசந்தர். எங்கள் தலைமுறைக்கு இரண்டு பாலசந்தர்கள் இருந்தார்கள். மற்றொருவர் வீணை எஸ். பாலசந்தர். அவர் மறைந்து 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. பழைய திரைப்படங்களைப் பற்றிய பேச்சு எழும்போது, பாடலே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கியவர் என்று ஒரு வரியில் அவரைக் குறிப்பிடுவார்கள். இசை உலகில் பேச்சு எழுந்தால், எல்லோரோடும் சண்டையிட்டவர் என்று மற்றொரு வரி. இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே அந்த மனிதரின் வீணை காணாமல் போய்விடுகிறது.

அண்மையில் நேர்ந்த ஒரு பிரிவுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. வடசென்னை எம்.கே.பி. நகரில் நாங்கள் நால்வர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடிப் பாலசந்தரின் இசைத்தட்டுகளைக் கேட்பதை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தோம். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர் ஒருவர். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் இன்னொருவர். நான்காமவர் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். இசைத்தட்டுகள் அவருடையவை, கூடுமிடமும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் இருந்த அவருடைய வீடுதான். அவர் காலமாகிவிட்டார். வெளிநாட்டில் வாழும் அவருடைய மகள், வீட்டைக் காலி செய்யும் முன்பு, அப்பாவின் இசைத்தட்டுகளை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். நாற்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், அந்தத் தட்டுகளில் இருப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1927 ஜனவரி 18 அன்று சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர் பாலசந்தர். தந்தை சுந்தரம் ஐயர் வழக்குரைஞர், இசையில் தோய்ந்தவர். பாபநாசம் சிவன் போன்றோர் வந்து போகும் வீடு அது. பாலசந்தரின் அண்ணன் எஸ். ராஜம், பாடகராகவும் ஓவியராகவும் புகழ் பெற்றவர். சங்கீத மும்மூர்த்திகள் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவங்கள் அவருடைய தூரிகையில் பிறந்தவை. சகோதரி எஸ். ஜெயலட்சுமி, 1943இல் வெளிவந்த 'சிவகவி' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் நடித்தவர்.

1934இல் பிரபாத் நிறுவனம் தயாரித்த 'சீதா கல்யாணம்' படத்தில் இந்தக் குடும்பமே நடித்தது. தந்தை ஜனகராகவும், அண்ணன் இராமனாகவும், சகோதரி சீதையாகவும் தோன்ற, ஏழு வயதுகூட நிரம்பாத பாலசந்தர் இராவணனின் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக வந்தார். பாபநாசம் சிவன் திரையிசைக்குள் நுழைந்ததும் இப்படத்தின் வழியாகத்தான்.

கஞ்சிராவை அவருக்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. தபலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா என்று அடுத்தடுத்து அவர் கைக்கு வந்த கருவிகளையும் அவர் தாமாகவே வசப்படுத்திக்கொண்டார். பிறகு சிதார் வந்தது. சிறுவயதிலேயே அதில் கச்சேரிகள் செய்தார். 1940களில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் சில காலம் கலைஞராகப் பணியாற்றினார். கர்நாடக இசையின் கமகங்களுக்குச் சிதாரைவிட வீணையே உகந்தது என்று கண்டு, வீணைக்கு மாறினார். அதையும் ஆசிரியரின்றியே கற்றார்.

குரு இல்லாமல் கற்பது நம் மரபில் எளிதாக ஏற்கப்படும் செயலன்று. யாரிடம் கற்றார் என்ற கேள்விக்கான விடைதான் ஒரு கலைஞருக்குக் கிடைக்கும் முதல் அறிமுகம். தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி, ஆந்திர பாணி என்று வீணைக்கு வழிவழியான பள்ளிகள் உண்டு. பாலசந்தர் இவற்றில் எதற்கும் உரியவர் அல்லர். தொழிற்பொருளாதாரத்தில், சான்றிதழ் என்பது திறமைக்கு ஈடாக நிற்கும் ஓர் அடையாளம் என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. திறமையை நேரடியாக அளக்க இயலாதபோது, சந்தை அந்த அடையாளத்தைப் பார்த்து விலை வைக்கிறது. அடையாளம் இல்லாதவர் தம்மை ஒவ்வொரு முறையும் புதிதாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். பாலசந்தரின் வாழ்க்கை முழுவதிலும் இந்தச் சுமை இருந்தது என்பது என் கருத்து. அவருடைய சாதனைகளுக்கு மட்டுமல்லாமல் சச்சரவுகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு.

வீணைக்கு முழுமையாக வந்து சேர்வதற்கு முன் அவர் திரையுலகில் நீண்ட பயணம் செய்தார். 1948இல் 'இது நிஜமா' படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' தந்த தூண்டுதலில், ஒரே கொலையைப் பலர் பார்வையில் சொல்லும் கதை. சிவாஜி கணேசன், பண்டரிபாய் நடித்த அப்படத்தில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. இசையிலேயே ஊறிய ஒருவர், பாட்டில்லாத முதல் தமிழ்ப் படத்தை எடுத்தார் என்பதில் ஒரு முரண் தெரியலாம். எனக்கு அது முரணாகத் தோன்றவில்லை. தேவையற்ற ஒலியை நீக்கத் தெரிந்தவர் அவர். பின்னாளில் வீணையிலும் அதையே செய்தார்.

வடசென்னைக்காரர்களுக்கு 'அந்த நாள்' இன்னொரு வகையிலும் நெருக்கமானது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. படத்தின் கதை அந்தக் குண்டுவீச்சை ஒட்டியே தொடங்குகிறது. எங்கள் பாரந்தூக்கி நண்பரின் தந்தையும் துறைமுகத் தொழிலாளிதான். முந்தைய ஆண்டு நகரமே அஞ்சி வெளியூர்களுக்கு ஓடியதையும், அதன் பிறகு குண்டு விழுந்த அந்த இரவையும் அவர் சொல்லக் கேட்டு நண்பர் வளர்ந்தவர். பாலசந்தரை அவர் முதலில் அறிந்தது இந்தப் படத்தின் வழியாகத்தான். வீணை அதன் பின்னரே வந்தது.

'அந்த நாள்' வெளியானபோது பெரிய வசூலை ஈட்டவில்லை. ஆயினும் பாலசந்தர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மக் கதைகளையே தொடர்ந்தார். 1964இல் வந்த 'பொம்மை' படத்தின் இறுதியில், திரைக்குப் பின்னால் உழைத்த தொழில்நுட்பக் கலைஞர்களைத் தாமே திரையில் தோன்றி மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். உழைத்தவருக்கு உரிய பெயர் சென்று சேர வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை அந்தக் காட்சி காட்டுகிறது. அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவிய 'நடு இரவில்' 1970இல் வெளியானது. அதன் பிறகு அவர் திரையுலகை விட்டு விலகி, வீணைக்கே தம்மை ஒப்படைத்தார்.

நான் அந்த வீணையை முதன்முதலில் கேட்டது 1970களின் இறுதியில், கல்லூரி மாணவனாக இருந்தபோது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் எரிந்து போகும்வரை, சபாக்களுக்குள் செல்ல வசதியில்லாத வடசென்னை இளைஞர்களுக்குப் பழைய புத்தகமும் பழைய இசைத்தட்டும் கிடைத்த இடம் அதுதான். அங்கே மேலுறை கிழிந்த ஒரு தட்டை மலிவாக வாங்கினேன். வாங்கிவிட்டேனே தவிர, அதைச் சுழலவிட என் வீட்டில் கருவி இல்லை. பெரம்பூரில் வசித்த ஆங்கிலோ இந்திய நண்பன் ஒருவனின் வீட்டில் இருந்தது. அவனுடைய தந்தை ரயில்வே ஊழியர், கிடார் வாசிப்பவர், ஜிமி ஹென்ரிக்ஸின் பெரும் ரசிகர்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1942இல் பிறந்து, 1970இல் 27 வயதிலேயே மறைந்த ராக் கிடார் கலைஞர் ஹென்ரிக்ஸ். அவரும் ஆசிரியரிடம் முறையாகப் பயிலாதவர். இசைக்குறியீட்டைப் படிக்கத் தெரியாதவர். கிடாரின் தந்தியை விரலால் பக்கவாட்டில் வளைத்து, ஒரு சுரத்தை அடுத்த சுரத்துக்கு ஏற்றுவது அந்த இசையின் உயிர்நாடி. என் தட்டு சுழலத் தொடங்கிய சற்று நேரத்தில் நண்பனின் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கர்நாடக இசையில் ஒரு ராகத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் தந்தி வளைவது தெரிந்தது. கிடாரில் இரண்டு மூன்று அரைச் சுரங்களுக்கு மேல் வளைப்பதே கடினம். இந்த மனிதர் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு எத்தனை சுரங்களுக்கு ஏறி இறங்குகிறார் என்று வியந்து, முள்ளை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். அன்று மாலை அவர்தான் எனக்குப் பாலசந்தரைக் கேட்கக் கற்பித்தார்.

அவர் சுட்டிய இடம் சரியானது. வீணையில் 24 மெட்டுகள். வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மெட்டு இருக்கும்போது, அதில் விரலை வைத்து மீட்டினால் போதும். ஆனால் குரல் அப்படி மெட்டு மெட்டாகத் தாவுவதில்லை, வழுக்கிச் செல்கிறது. அந்த வழுக்கலைத் தந்தியில் கொண்டுவர, ஒரே மெட்டில் தந்தியை இழுத்து மேற்சுரங்களை எழுப்ப வேண்டும். எல்லா வைணிகர்களும் ஓரளவு இதைச் செய்பவர்களே. பாலசந்தர் இதையே தம் வாசிப்பின் அடித்தளமாக்கினார். ஒருமுறை மீட்டிய ஒலி அடங்கும் முன், அந்த ஒரே அதிர்வுக்குள் ஒரு நீண்ட சொற்றொடரையே பேச வைத்தார். மீட்டுதல் குறைந்தது, தந்தியின் பேச்சு மிகுந்தது. விரல் தோலைக் கிழிக்கும் உழைப்பு இது. இழுக்கும் அளவு மயிரிழை பிசகினாலும் சுருதி கெடும்.

இந்த வாசிப்புக்கு நேரம் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் ஓடும் பழைய 78 சுழற்சித் தட்டில் இது அடங்காது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட நேரத் தட்டு அமெரிக்காவில் 1948இல் அறிமுகமானது. ராக ஆலாபனையை அவசரமின்றி விரிக்க அது வழி செய்தது. 1960களில், ரவிசங்கரின் தட்டுகளை வெளியிட்டு வந்த அமெரிக்காவின் வேர்ல்டு பசிபிக் நிறுவனம் பாலசந்தரின் வீணையையும் வெளியிட்டது. இந்தியாவிலும் அவருடைய தட்டுகள் வந்தன. வெளிநாடுகளுக்குப் பலமுறை சென்று வாசித்தார். உடன் வாசிப்பவர்களின் கூட்டத்தில் மறையாத தனி வீணை என்பது அத்தட்டுகளின் வழியாகத்தான் பலருக்குப் பழக்கமானது. பக்கவாத்தியம் இணையாத ஆலாபனைப் பகுதிகளே எங்கள் ஞாயிறுகளில் அதிகம் ஒலித்தவை.

எங்கள் ஃபிட்டர் நண்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் இரும்புத் தகடுகளின் ஓசைக்கு நடுவே நின்றவர். காதுக்குப் பாதுகாப்பு என்ற பேச்சே இல்லாத காலம். உயர்ந்த சுரங்கள் அவருக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. புல்லாங்குழல் கச்சேரி அவருக்கு வெறும் மூச்சுதான். பாலசந்தரின் வீணை மந்தர ஸ்தாயியில் நெடுநேரம் தங்கும். அப்போது அவர் ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அதிர்வு கையிலும், மீதி காதிலும் சேர்ந்து அவருக்கு ராகம் முழுமையாகிறது. சங்கீதம் அறிந்தவர் என்று எந்தச் சபாவும் அவரை ஒப்புக்கொள்ளாது. ஆனால் ஓர் இழுப்பு எந்தச் சுரத்தில் போய் நிற்கப் போகிறது என்பதை முன்கூட்டியே தலையசைவில் காட்டுவார், பெரும்பாலும் தவறுவதில்லை.

பாலசந்தரின் பதிவுகளில் தலையாயது, 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்து அவர் 1980களில் அளித்த தொகுதி. அமெரிக்காவிலிருந்து 12 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. ஏழு சுரங்களும் முழுமையாக அமைந்த தாய் ராகங்கள் 72 என்பது வேங்கடமகி வகுத்த கணக்கு. கீழ்ப்பாதியில் ஆறு, மேற்பாதியில் ஆறு, மத்திமம் இரண்டு, பெருக்கினால் 72. எங்கள் கணித ஆசிரியர் இசைக்குள் நுழைந்தது இந்தப் பெருக்கல் வழியாகத்தான். ஆனால் இந்த 72இல் 40 ராகங்கள் விவாதி மேளங்கள். அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்பவை. அவற்றைப் பாடினால் தீங்கு நேரும் என்ற அச்சம் இசைவாணர்களிடையே நெடுங்காலம் இருந்தது. பாடத் தயங்கியவர்கள் பலர். சில நொடிகள் தொட்டுவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. 72 மேளங்களிலும் தமிழில் கிருதிகள் இயற்றியவர் கோடீஸ்வர ஐயர். அவற்றைப் பாடியும் கற்பித்தும் பரப்பியவர் பாலசந்தரின் அண்ணன் ராஜம். அண்ணன் குரலில் செய்ததைத் தம்பி வீணையில் செய்தார் எனலாம்.

எந்த விற்பனைக் கணக்கும் இத்தகைய ஒரு தொகுதியைப் பரிந்துரைத்திருக்காது. கல்யாணியும் தோடியும் விற்கும். எவரும் கேட்டறியாத விவாதி ராகங்கள் எளிதில் விற்கா. ஆயினும் ஒவ்வொரு ராகத்துக்கும் சம மதிப்பளித்து வாசித்தார். புகழ்பெற்றதற்கு ஒரு நீதி, ஒதுக்கப்பட்டதற்கு ஒரு நீதி என்று வைக்கவில்லை. சென்னையின் ஒதுக்கப்பட்ட மூலையில் வாழும் எங்களுக்கு அந்தத் தொகுதி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய சச்சரவுகளை மறைத்துவிட்டு வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது. 1982இல் பத்மபூஷண் விருது பெற்றவர் அவர். அந்தப் பத்தாண்டில் அவருடைய ஆற்றலில் பெரும்பங்கு வாதங்களில் செலவானது. மூன்று நான்கு சுரங்களைக் கொண்டு புதிய ராகங்களை உருவாக்கியதாக எம். பாலமுரளிகிருஷ்ணா கூறியதைப் பாலசந்தர் கடுமையாக எதிர்த்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் கிருதிகள் அவர் இயற்றியவை அல்ல என்றும், அவரை ஒரு வாக்கேயக்காரராகக் கட்டமைத்தார்கள் என்றும் போர்க்கொடி தூக்கினார். அக்கிருதிகளைப் பதிப்பித்துப் பரப்பிய செம்மங்குடி சீனிவாச ஐயருடனும் மோதினார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பாலசந்தரின் முடிவை ஏற்கவில்லை.

இதில் என் நிலை இருவகைப்பட்டது. ஆதாரம் எங்கே என்று கேட்கும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்கு நான் கற்பித்ததும் அதைத்தான். ஆனால் ஆதாரம் போதவில்லை என்பது ஒன்று. எதிர்த்தரப்பார் திட்டமிட்டு ஏமாற்றினார்கள் என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அவர் தாவிவிட்டார். துண்டறிக்கைகளும் கடிதங்களுமாக நீண்ட அந்தப் போரில் அவர் பலரைப் புண்படுத்தினார், தாமும் தனிமைப்பட்டார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தட்டுகளில் அத்தனை பொறுமையாக ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தவர், மனிதர்களிடம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. அவருடைய ரசிகன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு வருத்தமே. ஆயினும் சொல்லாமல் விட்டால், எஞ்சிய புகழ்ச்சியையும் வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை.

1990 ஏப்ரல் 13 அன்று, கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் மாரடைப்பால் பாலசந்தர் காலமானார். வயது 63. சரியாக 36 ஆண்டுகளுக்கு முன்பு, 1954 ஏப்ரல் 13 அன்றுதான் 'அந்த நாள்' வெளியாகியிருந்தது.

பாணி உடைய கலைஞருக்கு மறைவுக்குப் பிறகும் ஒரு வாழ்வு உண்டு. சீடர்கள் கற்பிப்பார்கள், சீடரின் சீடர்கள் நினைவுவிழா எடுப்பார்கள், சபாக்களில் படம் தொங்கும். பாலசந்தருக்கு முன்னே குருபரம்பரை இல்லை. பின்னே பெரிய சீடர் வரிசையும் இல்லை. அவரிடம் பயின்றவர்களுள் ஜெயந்தி குமரேஷ் இன்று உலகறிந்த வைணிகராகத் திகழ்வது நமக்கு ஆறுதல். ஆனால் அவருடைய பாணி என்று ஊருக்கு ஊர் கற்பிக்கும் பள்ளி எதுவும் உருவாகவில்லை. ஆகவே அவருடைய இசைத்தட்டுகள் வெறும் நினைவுப் பொருள்கள் அல்ல. அவைதாம் அவருடைய பள்ளி. அவை அழிந்தால் பாலசந்தரின் வீணை மறுபடியும் கேட்கக் கிடைக்காது.

வில்லியம் போமல், வில்லியம் போவன் என்னும் பொருளாதார அறிஞர்கள் 1966இல் நிகழ்த்துகலைகளின் நெருக்கடி பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஆலைகளில் உற்பத்தித்திறன் உயர்ந்துகொண்டே போகும். ஆனால் நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு நூறாண்டுக்கு முன் எவ்வளவு நேரம் ஆனதோ இன்றும் அவ்வளவு நேரம் ஆகும். அதனால் கலையின் செலவு காலந்தோறும் ஏறும் என்பது அவர்களுடைய வாதம். பதிவு செய்த இசை இந்த நெருக்கடிக்கு ஒரு விதிவிலக்கு. ஒருமுறை உழைத்தது பலகோடி முறை பயன்படுகிறது. ஒருவர் கேட்பதால் மற்றவருக்குக் குறைவதில்லை. ஆனால் அந்த நன்மை, தட்டை எவரேனும் காப்பாற்றி வைத்திருக்கும்வரைதான். வெயில் பட்டால் தட்டு வளைந்துவிடும். படுக்கை வசமாக அடுக்கினால் கீழுள்ளது கெடும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எங்கள் ஆசிரியர் பீரோவில் துணிகளை ஒதுக்கிவிட்டுத் தட்டுகளை நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கேட்டு முடித்த பின் பருத்தித் துணியால் துடைத்து வைப்பார். அந்த வேலைக்கு எவரும் அவருக்கு ஊதியம் தரவில்லை.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது பழைய தட்டு எதற்கு என்று கேட்கலாம். கிடைப்பவை சில, விவரமின்றி, தேதியின்றி, நடுவே வெட்டுப்பட்டுக் கிடைப்பவை பல. ஏற்றியவர் நீக்கிவிட்டால் அவையும் இல்லை. சட்டமும் இப்போது நமக்கு வழிவிடுகிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஒலிப்பதிவின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும். அதன்படி இந்தியாவில் 1960களில் வெளியான இசைத்தட்டுகள் ஆண்டுதோறும் பொதுவுடைமையாகி வருகின்றன. அவற்றைப் பதிவெடுத்துப் பாதுகாக்க, பொது நூலகங்களுக்குத் தடையாக இருந்த ஒரு பெரிய கதவு திறக்கிறது. உரிமை பொதுவாகும் நாளில் தட்டு எங்கும் இல்லாமற் போனால், அந்தப் பொதுவுடைமையால் எவருக்குப் பயன்?

பெரிய ஆவணக் காப்பகங்களைக் கேட்கவில்லை. அவை பெரும்பாலும் நகரின் தெற்கே இருக்கின்றன. அவற்றுக்கு அவற்றின் பணி உண்டு. நான் கேட்பது சிறியது. வியாசர்பாடி, பெரம்பூர், இராயபுரம், திருவொற்றியூர் என்று வடசென்னை முழுவதும் அரசு கிளை நூலகங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் ஓர் அறை. நல்ல இசைத்தட்டுக் கருவி ஒன்று. பதிவெடுக்க ஒரு கணினி. வாரம் ஒருநாள் வந்து அமர்ந்து கேட்க நாற்காலிகள். இறந்தவர்களின் வீடுகளிலிருந்து பழைய பொருள் கடைக்குப் போகும் தட்டுகளை, பட்டியலிட்டுப் பெற்றுக்கொள்ள ஒரு பதிவேடு. ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் இருக்கிறோம். துடைக்கவும் அடுக்கவும் சம்பளம் கேட்க மாட்டோம்.

இதனால் என்ன விளையும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்றே பதில். மேலுறை கிழிந்த ஒரு தட்டு மூர் மார்க்கெட்டில் கிடைத்திராவிட்டால், எனக்கு இந்த இசை அறிமுகமாகியிருக்காது. மயிலாப்பூரில் பிறந்து, எவரிடமும் கற்காமல் தாமே கண்டறிந்த ஒருவரின் வீணையை, பெரம்பூரில் ராகத்தின் பெயர் அறியாத ஒரு கிடார்க்காரர் எனக்கு விளக்கினார். நான் எம்.கே.பி. நகரில் மூவரோடு பகிர்ந்துகொண்டேன். சீடர் வரிசை என்பது இப்படியும் அமையலாம்.

ஆசிரியரின் மகளுக்குச் சென்ற வாரம் பதில் சொல்லிவிட்டேன். நூலகம் ஒன்று முன்வரும்வரை தட்டுகள் என் வீட்டில் இருக்கும். என் மனைவி பீரோவில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து கொடுத்தார். ஃபிட்டர் நண்பரும் பாரந்தூக்கி நண்பரும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, நிறுத்தி அடுக்கினார்கள். கடந்த ஞாயிறன்று மூவரும் கேட்டோம். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வழக்கம்போல ஒரு கை இருந்தது.